பெடல் ஸ்டீல் கிட்டாருக்கு இருக்கை தேர்ந்தெடுப்பது எப்படி: காலணி முதல் தரை அடையாளம் வரை

பெடல் ஸ்டீல் என்பது கால்களின் மேல் படுக்கையாக நிறுத்தி, முன்னால் உட்கார்ந்து வாசிக்கும் கிட்டார். பாதத்தால் அழுத்தும் பெடல்களும் முழங்காலால் தள்ளும் லீவர்களும் தந்திகளின் சுருதியை மாற்றும். அதை வாசிக்க உட்கார்ந்தவருக்குத் தரையில் ஊன்றிக்கொள்ள ஒரு கால்கூட மிச்சம் இருக்காது. இடது பாதம் பெடல்களின் மேல். வலது பாதம் வால்யூம் பெடலின் மேல். இரண்டு முழங்கால்களும் லீவர்களுக்கு நடுவே. கைகள் இரண்டும் தந்திகளின் மேல். உடம்பின் எடையைத் தாங்குவது இருக்கை ஒன்றுதான். வேறு எந்த வேலைக்கு உட்கார்ந்தாலும் நாற்காலி சரியில்லை என்றால் நம்மை அறியாமலே காலை ஊன்றிச் சமாளித்துவிடுவோம். இங்கே அதற்கு வழியில்லை.

புதிதாகக் கற்பவர்கள் கிட்டாரைப் பற்றி மாதக்கணக்கில் யோசிக்கிறார்கள். உட்காருவதற்கு மட்டும் கைக்கு எட்டிய நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொள்கிறார்கள். சில வாரங்களில் ஒருவருக்கு இடுப்பு பிடிக்கிறது, இன்னொருவருக்குத் தொடை மரத்துப்போகிறது, மூன்றாமவருக்குச் சுருதி நிற்கவே மாட்டேன் என்கிறது. மூவரும் தங்கள் பயிற்சி போதவில்லை என்று நினைக்கிறார்கள். அவர்கள் உட்கார்ந்திருக்கும் இருக்கையை மாற்றியதும் பாதிப் பிரச்சினை அன்றைக்கே தீர்ந்ததை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இதில் வரிசைதான் முக்கியம். முதலில் காலணி, பிறகு கிட்டார், பிறகு வால்யூம் பெடல், அப்புறம் உங்கள் இடமும் உயரமும். இவை முடிவான பிறகே இருக்கை. இருக்கையை முதலில் வாங்கிவிட்டு மற்றதை அதற்கேற்ப வளைக்கத் தொடங்கினால் அது முடியவே முடியாது.

1. தொடங்கும் முன் தேவையானவை

கை வைக்காத, சக்கரம் இல்லாத, தட்டையான கெட்டி ஸ்டூல் ஒன்று. நீங்கள் எதிர்பார்க்கும் உயரத்தைவிடச் சற்றுத் தாழ்வாக, 40 செ.மீ. அளவில் இருந்தால் நல்லது. தாழ்ந்ததை உயர்த்தலாம், உயர்ந்ததைத் தாழ்த்த முடியாது.

அதன் மேல் அடுக்க 12 மி.மீ. ஒட்டுப்பலகைத் துண்டுகள் ஒன்பது பத்து. எல்லாம் ஸ்டூலின் மேல்பரப்பு அளவுக்கே இருக்கட்டும். புத்தகங்களையும் அடுக்கலாம், ஆனால் அவை வழுக்கும். அடுக்கினால் நாடாவால் கட்டிவிடுங்கள்.

அளவு நாடா, ரசமட்டம், தரையில் ஒட்டும் நாடா, சுருதி பார்க்கும் ட்யூனர், கைப்பேசி கேமரா. கேமரா அலங்காரத்துக்கு அல்ல. வாசிக்கும்போது தோள் தூக்கியிருக்கிறதா என்பது வாசிப்பவருக்குத் தெரியாது, பக்கவாட்டில் எடுத்த படத்தில் தெரிந்துவிடும்.

2. எந்தக் காலணியோடு வாசிப்பீர்கள்?

இந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. கடைசியில் எல்லா அளவையும் குழப்புவது இதுதான். முழங்கால் எவ்வளவு உயரத்தில் நிற்கும் என்பதைக் கெண்டைக்காலின் நீளமும் குதிகால் உயரமும் சேர்ந்து முடிவு செய்கின்றன. வெறுங்காலில் அளவெடுத்துவிட்டு 3 செ.மீ. குதி வைத்த காலணியோடு மேடையில் உட்கார்ந்தால் முழங்காலும் 3 செ.மீ. ஏறிவிடும். லீவர்கள் எல்லாம் வேறு இடத்தில் தட்டுப்படும்.

அடிப்பாகம் மெல்லியதாகவும் தட்டையாகவும் உள்ள ஒரு ஜோடியைத் தேர்ந்தெடுத்து, பயிற்சிக்கும் மேடைக்கும் அதையே போட்டுக்கொள்ளுங்கள். தடித்த ரப்பர் அடிப்பாகம் இருந்தால் பெடலின் விளிம்பு எங்கே என்று பாதத்துக்குத் தெரியாது. வெறுங்காலில்தான் வாசிப்பேன் என்றால் அதுவும் சரி, எப்போதும் அப்படியே வாசியுங்கள்.

3. கிட்டாரைச் சரியாக நிறுத்துங்கள்

நான்கு கால்களையும் முழுதாகத் திருகி முடுக்குங்கள். ஒரு கால் இரண்டு மரை குறைவாக ஏறியிருந்தாலும் உடல் ஒரு பக்கம் சாயும். ரசமட்டத்தை நெக்கின், அதாவது தந்திகள் ஓடும் பகுதியின், நீளவாக்கிலும் குறுக்குவாக்கிலும் வைத்துப் பாருங்கள். பெடல்களும் அவற்றின் கம்பிகளும் மாட்டியிருக்க வேண்டும். பெடல் இல்லாமல் எடுக்கும் அளவு பயன்படாது.

இந்தக் கட்டத்தில் முழங்கால் லீவர்களைத் தொடாதீர்கள். லீவர் எட்டவில்லை என்று முதல் நாளே அதை வளைத்துத் திருத்துகிறவர்கள் பெரும்பாலும் தவறான இடத்தில் உட்கார்ந்திருப்பார்கள். இடம் சரியானதும் திருத்திய லீவர் இடிக்கும்.

உங்களுக்கு மிக நீண்ட கால்கள் என்றால் இங்கேயே ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். கிட்டாரின் கால்களை நீட்டித்தான் ஆக வேண்டும். கால்களை நீட்டினால் பெடல் கம்பிகளும் அதே அளவுக்கு நீள வேண்டும், இல்லாவிட்டால் பெடல்கள் தரையிலிருந்து எழும்பிவிடும். இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள்.

4. வால்யூம் பெடலுக்கு ஓர் இடம்

வலது பாதம் தரையில் இல்லை, பெடலின் மேல் இருக்கிறது. அதனால் வலது முழங்கால் இடதைவிடச் சற்று உயரத்தில் நிற்கும். வால்யூம் பெடலை வைக்காமல் இருக்கை உயரம் பார்த்தவர்கள் எல்லோரும் பிறகு ஒருமுறை மாற்றி அளந்திருக்கிறார்கள்.

பெடலை வையுங்கள், பாதத்தை வையுங்கள், வலது முழங்கால் தனக்கான இரண்டு லீவர்களுக்கும் நடுவே நிற்கிறதா என்று பாருங்கள். ஒரு லீவர் மட்டும் எப்போதும் முழங்காலில் உரசினால் பெடலைத் தள்ளுங்கள், உடம்பைத் திருப்பாதீர்கள். உடம்பைத் திருப்பினால் இடது கால் தன் இடத்தை இழக்கும்.

5. இடமா வலமா: எந்த ஃபிரெட்டுக்கு நேரே?

ஸ்டூலைப் போட்டு உட்காருங்கள். இடது பாதம் ஏ, பி பெடல்கள் இரண்டின் மேலும் சேர்ந்து உட்கார வேண்டும். முதல் மூன்று பெடல்களின் பெயர்கள் இவை; அவற்றை அடுக்கும் முறை இரண்டு. எம்மன்ஸ் வரிசையில் இடமிருந்து ஏ, பி, சி. டே வரிசையில் சி, பி, ஏ. எதுவானாலும் இந்த ஜோடிதான் உங்கள் வீடு. பாதம் அங்கே இருக்கும்போது இடது முழங்கால், வலப்பக்க லீவருக்கும் இடப்பக்க லீவருக்கும் நடுவே தளர்வாக நிற்கட்டும். இந்த இரண்டும் சரியானால் பெரும்பாலும் உங்கள் தொப்புள் 12 முதல் 15ஆம் ஃபிரெட்டுக்குள் ஏதோ ஓரிடத்துக்கு நேராக இருக்கும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஸ்டீல் கிட்டாரில் ஃபிரெட் என்பது பலகையில் வரைந்த கோடுதான். தந்தியைத் தொடுவது நம் கையிலுள்ள பார் என்ற உலோகத் துண்டு. கோடு கீழே, பார் மேலே, நடுவில் இடைவெளி. கண் நேர் மேலே இருந்தால் பார் கோட்டின் மேல் சரியாகத் தெரியும். கண் இடமோ வலமோ தள்ளியிருந்தால் பார் தள்ளித் தெரியும்.

எவ்வளவு தள்ளும்? ஒரு கணக்கு போடலாம். பாருக்கும் பலகைக்கும் நடுவே 8 மி.மீ. என்றும், கண் பாருக்கு 50 செ.மீ. மேலே என்றும் வைத்துக்கொள்வோம். கண் 10 செ.மீ. பக்கவாட்டில் தள்ளியிருந்தால் பார்வை 1.6 மி.மீ. தவறும். 24 அங்குல ஸ்கேல் (அதிரும் தந்தியின் நீளம்) உள்ள கிட்டாரில் 15ஆம் ஃபிரெட்டுக்கும் 16ஆம் ஃபிரெட்டுக்கும் இடைவெளி சுமார் 14 மி.மீ.தான். அந்த இடத்தில் 1.6 மி.மீ. என்பது ஏறக்குறைய 11 சென்ட், அதாவது ஒரு ஃபிரெட் தூரத்துச் சுருதியில் நூறில் 11 பங்கு. கேட்பவருக்கு ஏதோ ஒட்டவில்லை என்று தெரியும்.

நாள்தோறும் ஒரே இடத்தில் உட்கார்ந்தால் இந்தத் தவறு ஒரே அளவில் இருக்கும். காதும் கையும் சேர்ந்து அதைக் கற்றுக்கொண்டுவிடும். இன்றைக்கு 12க்கு நேரே, நாளைக்கு 15க்கு நேரே என்று மாறினால் கற்றது எதுவும் கைகொடுக்காது. இடம் பிடிபட்டதும் ஸ்டூலின் இரண்டு பக்கமும் தரையில் நாடா ஒட்டிவிடுங்கள். இனி அடுக்கப்போகும் பலகைகள் எல்லாம் இந்த அடையாளத்துக்குள்தான்.

6. உயரம்: மூன்று சோதனைகள்

பெரும்பாலானவர்கள் கடைசியில் 43 முதல் 51 செ.மீ.க்குள், அதாவது 17 முதல் 20 அங்குலத்துக்குள் வந்து நிற்கிறார்கள். இந்த எல்லைக்குள் உங்கள் எண் எது என்பதை இன்னொருவர் சொல்ல முடியாது. உங்களைப் போலவே உயரம் உள்ள இருவருக்கு உடம்பு ஒரு விதமாகவும் கால் ஒரு விதமாகவும் நீண்டிருக்கும்.

43 செ.மீ.யில் தொடங்குங்கள். ஒவ்வொரு பலகையாகக் கூட்டி, ஒவ்வொரு உயரத்திலும் 20 நிமிடம் உண்மையாகவே வாசியுங்கள். இரண்டு நிமிடம் உட்கார்ந்து எழுந்தால் எல்லா உயரமும் வசதியாகத்தான் தோன்றும். ஒவ்வொரு முறையும் உயரத்தையும், எங்கே இறுகியது என்பதையும் எழுதிவையுங்கள். ஒரே நாளில் முடிக்கவும் பார்க்காதீர்கள். மூன்றாவது உயரத்துக்கு வரும்போது களைப்பு வந்துவிடும், களைப்பை உயரத்தின் குறை என்று எழுதிவிடுவீர்கள்.

முதல் சோதனை, மிக உயரமா என்று பார்க்க. ட்யூனரைப் போட்டு ஈ9 நெக்கின், அதாவது ஈ9 என்ற சுருதி அமைப்பு வைத்த நெக்கின், 5ஆம் தந்தியைத் தட்டுங்கள். ஏ பெடல் ஏற்றுவது இந்தத் தந்தியைத்தான். இப்போது இடது பாதத்தைப் பெடல்களின் மேல் சும்மா வையுங்கள், அழுத்த வேண்டாம். இயல்பாகக் குனிந்து வாசிக்கும் நிலைக்கு வாருங்கள். முள் நகர்கிறதா? நகர்ந்தால் உங்கள் எடை முன்னால் வழிந்து பெடலில் இறங்குகிறது. இருக்கை மிக உயரமாக இருக்கிறது, அல்லது முன்பக்கம் சாய்ந்திருக்கிறது. இந்தச் சோதனையை நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. "என் கிட்டார் சுருதியில் நிற்பதில்லை" என்று வந்தவர்களில் சிலருக்குக் கிட்டாரில் ஒரு குறையும் இருந்ததில்லை.

இரண்டாவது சோதனை, மிகத் தாழ்வா என்று பார்க்க. வால்யூம் பெடலை முழுதாக அடைத்துப் பாருங்கள், அதாவது நுனிப்பாதம் மேலே வரும்படி. இருக்கை தாழ்ந்திருந்தால் கணுக்கால் ஏற்கெனவே மடங்கியிருக்கும், மேலும் மடங்க இடமிருக்காது. கெண்டையின் முன்பக்கத் தசை இழுக்கும், ஒலியும் முழுதாக அடங்காது. அதோடு இடது பாதத்தை ஏ பெடலிலிருந்து சி பெடலுக்கும் திரும்பவும் பத்து முறை மாற்றுங்கள். தொடையும் இடுப்பும் சேரும் மடிப்பில் பிடித்தால் இன்னும் ஒரு பலகை போடுங்கள்.

மூன்றாவது சோதனை கைக்கு. பாரைத் தந்தியில் வைத்து, பக்கவாட்டில் ஒரு படம் எடுக்கச் சொல்லுங்கள். தோள்கள் தளர்ந்து தொங்க, முன்கைகள் தந்திகளின் மட்டத்துக்கு ஏறக்குறையச் சமமாக இருக்க வேண்டும். தோள் காதை நோக்கி ஏறியிருந்தால் இருக்கை தாழ்வு. முதுகு வளைந்து கழுத்து கீழே தொங்கினால் உயரம். இரண்டு நெக் அடுத்தடுத்து உள்ள இரட்டை நெக் கிட்டாரில் ஈ9 இருப்பது உங்களிடமிருந்து தள்ளியுள்ள நெக்கில், அங்கே கையை வைத்துத்தான் இந்தப் படம் எடுக்க வேண்டும். பக்கத்து நெக்கில் எல்லோருமே அழகாகத்தான் தெரிவார்கள்.

மூன்றிலும் தேறும் உயரத்தில் இடுப்பு, முழங்காலைவிட ஓரிரு விரல்கடை மேலே இருக்கும். இடுப்பு மேலே இருந்தால்தான் முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்தே முன்னால் சாய முடியும்.

கிடைத்த எண்ணை எழுதிவிட்டு, இன்னொரு அளவும் எடுங்கள். அந்தப் பலகையின் மேல் நிமிர்ந்து உட்கார்ந்து, தரையிலிருந்து இடுப்பெலும்பின் மேல்முனை வரை எவ்வளவு என்று ஒருவரை அளக்கச் சொல்லுங்கள். மெத்தை வைத்த இருக்கை உங்கள் எடையில் அமுங்கும். கடையில் எழுதியிருக்கும் உயரம் அமுங்காத உயரம். இந்த இடுப்பெலும்பு அளவுதான் எந்த மெத்தையிலும் உண்மையைச் சொல்லும்.

7. செங்குத்து லீவருக்காக இருக்கையை மாற்றாதீர்கள்

இடது முழங்காலை மேலே தூக்கி இயக்கும் லீவர் சிலரின் தொடையில் எப்போதும் இடித்துக்கொண்டே இருக்கும். உடனே இருக்கையைத் தாழ்த்துவார்கள். பயனில்லை. முன்பே சொன்னது போல, குதிகால் தரையில் இருக்கும்வரை முழங்காலின் உயரம் இருக்கையைப் பொறுத்ததே அல்ல. இருக்கையைத் தாழ்த்தினால் இடுப்புதான் இறங்கும், முழங்கால் அங்கேயே நிற்கும்.

பாதம் பெடலில் ஓய்வாக இருக்கும்போது லீவருக்கும் தொடைக்கும் நடுவே ஒரு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் காலணியை மாற்றுங்கள், லீவரின் நிறுத்தத்தைத் திருத்துங்கள், அல்லது கிட்டாரை உயர்த்துங்கள். விரல் நுழைந்து இன்னும் நிறைய இடம் இருந்தால் லீவரைத் தொட ஒவ்வொரு முறையும் குதிகாலை எடுக்க வேண்டிவரும். அதற்கும் மருந்து லீவரில்தான்.

8. முன்பின் தூரம்

இருக்கையின் முன்பாதியில் உட்காருங்கள். தொடையின் பாதிக்கு மேல் இருக்கையைத் தாண்டி வெளியே இருக்க வேண்டும். முன்விளிம்பு முழங்காலுக்கு அருகே வந்தால் தொடையின் அடியை அழுத்தி மரத்துப்போகச் செய்யும், பக்கவாட்டு அசைவையும் தடுக்கும்.

கிட்டாருக்கு மிக அருகில் போனால் முழங்கால்கள் லீவர்களைத் தாண்டி உள்ளே போய்விடும், தொடையால் தள்ள வேண்டியிருக்கும். தள்ளிப் போனால் கைகளை நீட்ட முதுகு வளையும். லீவர் முழங்காலுக்குச் சற்று மேலே, தொடை தொடங்கும் இடத்தில் படும்படி வைத்துப் பாருங்கள். இதிலிருந்து முன்னும் பின்னும் இரண்டு விரல்கடைக்குள் உங்கள் இடம் இருக்கும்.

9. இப்போது இருக்கை: எது ஒத்துவரும், எது வராது

உங்களிடம் இப்போது மூன்று எண்கள் இருக்கின்றன: உயரம், இடுப்பெலும்பு அளவு, கிட்டாரிலிருந்து தூரம். இவற்றோடுதான் கடைக்குப் போக வேண்டும். முடிந்தால் அந்தக் காலணியையும் போட்டுக்கொண்டு போங்கள்.

கை வைத்த நாற்காலி எதுவும் வேண்டாம். முழங்கைகள் போய்வர இடமிருக்காது. அலுவலகச் சுழல் நாற்காலியும் வேண்டாம். லீவரை இடப்பக்கம் தள்ளினால் நாற்காலி உங்களை வலப்பக்கம் திருப்பும். சக்கரம் இருந்தால் பெடலை அழுத்த அழுத்தப் பின்னால் போகும்.

மடக்கு இரும்பு நாற்காலிதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அதன் உட்காரும் பலகை பின்பக்கம் சரிந்திருக்கும். சாய்ந்து உட்காருவதற்காக அப்படிச் செய்கிறார்கள். நாம் முன்னால் சாய்ந்து வாசிப்பவர்கள். அந்தச் சரிவில் இடுப்பு பின்னால் உருண்டு முதுகு கூன் போடும், முன்விளிம்பு தொடையில் அறுக்கும். வேறு வழியே இல்லாத நாளில் பின்பக்கம் உயரமான ஆப்பு வடிவப் பலகை ஒன்றை அதன் மேல் போட்டுச் சமாளிக்கலாம்.

டிரம் ஸ்டூல் பலருக்குப் பிடிக்கும். எளிதில் தூக்கிச் செல்லலாம், உயரம் மாற்றலாம், கிடைப்பதும் எளிது. வாங்கினால் மூன்றைப் பாருங்கள். இரட்டைப் பட்டை வைத்த கால்கள். உட்காரும் பகுதி சுழலாமல் பூட்டும் வசதி. உயரத்தை நிலைநிறுத்தும் வளையப் பூட்டு. அது இல்லாத திருகுத் தண்டு, நீங்கள் அசையும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியோ இறங்கியோ விடும். வட்டத்தைவிடக் குதிரைச் சேணம் போல முன்பக்கம் இருபுறமும் ஒடுங்கியது நல்லது, தொடைகள் தடையில்லாமல் விரியும். ஆனால் பல டிரம் ஸ்டூல்கள் மிகத் தாழ்ந்த நிலையிலேயே 45 செ.மீ.க்கு மேல் நிற்கும். உங்கள் எண் 44 என்றால் அது உங்களுக்கு இல்லை.

இருபுறமும் குமிழ் திருகி உயர்த்தும் பியானோ பெஞ்ச், வீட்டில் ஒரே இடத்தில் வாசிப்பவருக்கு மிக நல்லது. சுழலாது, மட்டமாக இருக்கும், மில்லிமீட்டர் அளவுக்கு உயரம் திருத்தலாம். எடை அதிகம். எக்ஸ் வடிவக் கால் கொண்ட கீபோர்ட் பெஞ்சில் உயரம் படிப்படியாகத்தான் மாறும், உங்கள் எண் இரண்டு படிகளுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். மூட்டுகளும் சீக்கிரம் ஆடத் தொடங்கும்.

ஸ்டீல் வாசிப்பவர்களுக்கென்றே செய்யப்படும் பெட்டி இருக்கை இன்னொன்று. உள்ளே வால்யூம் பெடல், பார், விரல் பிக்குகள், கேபிள்கள் எல்லாம் போகும். இரட்டை நெக் கிட்டார் பெட்டியோடு சேர்ந்து 30 கிலோ அளவுக்கு வந்துவிடும் என்பதால், ஒரே தூக்கில் மற்ற எல்லாச் சாமானும் போகும் வசதியைக் குறைத்து மதிப்பிட முடியாது. இதில் பெரும்பாலும் உயரம் நிலையானது. அதனால் உங்கள் எண் தெரியாமல் வாங்கவே கூடாது. மேடைக்கு அடிக்கடி போகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

முதுகுச்சாய்வு தேவையா? வாசிக்கும்போது அதில் சாய முடியாது. பாடலுக்கும் பாடலுக்கும் நடுவே நீண்ட நேரம் காத்திருக்கும் வேலை என்றால் இடுப்பளவு உயரத்தில் சிறிய சாய்வு இருக்கட்டும்.

10. மெத்தையும் மேலுறையும்

மென்மையைப் பார்த்து ஏமாறாதீர்கள். கடையில் முதல் நிமிடத்தில் சுகமாக இருப்பது, அரை மணியில் பலகை வரை அமுங்கி உட்காரும் எலும்பில் குத்தும். முஷ்டியால் உங்கள் எடை போட்டு அழுத்துங்கள். அடிப்பலகை கையில் தட்டினால் அந்த மெத்தை வேண்டாம். அடர்த்தியான ஃபோம் 5 முதல் 7 செ.மீ. போதும்.

அமுங்கும் மெத்தையால் சுருதி கெடும் என்று சிலர் சொல்வதுண்டு. முன்பு போட்ட கணக்கிலேயே பார்த்தால், கண் 2 செ.மீ. இறங்குவதால் வரும் மாற்றம் மிகச் சிறியது. பக்கவாட்டில் நகர்வதுதான் பெரியது. அமுங்குவதால் கெடுவது கால்கள்தான். இடுப்பு இறங்க இறங்க இடது காலைத் தூக்குவது கடினமாகும், வால்யூம் பெடலை முழுதாக அடைக்க முடியாது.

முன்விளிம்பு உருண்டு கீழ்நோக்கி வளைந்திருக்கட்டும். இரட்டை நெக்கில் 4 முதல் 8 வரையுள்ள பெடல்களுக்கு இடது கால் வலப்பக்கம் போக வேண்டும். முன்விளிம்பில் கூர்மையான மூலை இருந்தால் ஒவ்வொரு முறையும் தொடை அதில் மோதும்.

மேலுறை வழுக்கவும் கூடாது, பிடித்துக்கொள்ளவும் கூடாது. பளபளப்பான ரெக்சினில் வியர்வை பட்டால் ஒட்டும், இல்லாவிட்டால் வழுக்கும். சொரசொரப்பான கெட்டித் துணி இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கும்.

11. உறுதியைச் சோதிப்பது

கடையிலேயே இதைச் செய்யுங்கள், யார் பார்த்தாலும் பரவாயில்லை. உட்கார்ந்து இரண்டு பாதங்களையும் தரையிலிருந்து தூக்குங்கள். முன்னால் சாயுங்கள். முழங்காலை இடமும் வலமும் வெட்டி அசையுங்கள். இருக்கை தரையில் நகர்ந்தாலோ முறுகினாலோ எழுந்துவிடுங்கள்.

பிறகு அமைதியாக அசைந்து காது கொடுத்துக் கேளுங்கள். கிரீச் சத்தம் கிட்டாரின் பிக்கப்பில் ஏறாது, ஆனால் ஒலிப்பதிவு அறையில் ஆம்ப்ளிஃபையர் முன் வைத்த மைக்கில் ஏறும். மெல்ல நீண்டு தேயும் ஒரு சுரத்தின் நடுவே அது விழுந்தால் மறுபடி வாசிப்பதைத் தவிர வழியில்லை.

மூன்று கால் ஸ்டூல் மேடுபள்ளத் தரையிலும் தத்தளிக்காது. ஆனால் இரண்டு கால்களுக்கு நடுவே உள்ள பக்கமாகச் சாய்ந்தால் எளிதில் கவிழும். கால்களை முழுதாக விரித்து, ஒரு கால் நீங்கள் சாயும் முன்பக்கம் இருக்கும்படி திருப்பிப் பாருங்கள். உயர்த்த உயர்த்தக் கவிழும் வாய்ப்பு கூடும். நான்கு கால் இருக்கை அவ்வளவு எளிதில் கவிழாது, ஆனால் மேடுபள்ளத் தரையில் தத்தளிக்கும்; அதற்கு ஒரு காலிலாவது திருகி நீட்டும் ரப்பர் அடி வேண்டும்.

தாங்கும் எடை எழுதியிருந்தால் உங்கள் எடையைவிட நன்றாகவே கூடுதலாக இருக்கட்டும். அசைகிறவர் கொடுக்கும் அழுத்தம், சும்மா உட்கார்ந்திருப்பவருடையதைவிட அதிகம்.

12. நீங்களே செய்வதானால்

பெட்டி இருக்கை செய்வது கடினமல்ல. 18 மி.மீ. ஒட்டுப்பலகை, மேல்பரப்பு சுமார் 40 செ.மீ. அகலம், 30 செ.மீ. ஆழம். உள்மூலை நான்கிலும் மரக்கட்டை வைத்து, பசையும் திருகும் இரண்டும் போடுங்கள். திருகு மட்டும் போட்டால் பக்கவாட்டு அசைவில் சில மாதங்களில் துளை விரிந்து ஆடத் தொடங்கும்.

உயரக் கணக்கில்தான் தவறுவார்கள். நீங்கள் கண்டுபிடித்த எண், அமுங்கிய மெத்தையின் மேல்பரப்பு. ஃபோம் துண்டைப் பலகையில் வைத்து உட்கார்ந்து எவ்வளவு அமுங்குகிறது என்று முதலில் அளந்துவிட்டு, பிறகு பலகையை வெட்டுங்கள். சந்தேகம் இருந்தால் 1 செ.மீ. குறைவாக வெட்டி, ரப்பர் அடியில் சரிக்கட்டுங்கள். உள்ளே வைக்கும் பார் உருண்டு தட்டும், அதற்கு ஃபோமில் ஒரு பள்ளம் குடைந்து வையுங்கள்.

13. கிடைத்த இடத்தைத் தவறவிடாதீர்கள்

கிட்டாரின் கால்களும் இருக்கையும் சேர்ந்து நிற்கும் அளவுக்கு ஒரே விரிப்பு வாங்கி, எல்லாக் கால்களின் இடத்தையும் வால்யூம் பெடலின் இடத்தையும் அதில் குறியுங்கள். எந்த மேடைக்குப் போனாலும் விரிப்பை விரித்தால் உங்கள் இடம் தயார். மெல்லிய விரிப்பாக இருக்கட்டும். தடித்த விரிப்பில் எடை ஏறிய இருக்கையின் கால்கள் புதையும், கிட்டாரின் கால்கள் அவ்வளவு புதையாது, உயரம் மாறிவிடும்.

திருகுத் தண்டு உள்ள இருக்கையில் உயரத்தைக் காட்டும் இடத்தில் ஒரு கோடு போடுங்கள். மாதம் ஒருமுறை எல்லா மரையாணிகளையும் முடுக்குங்கள்.

14. பிறகு வலி வந்தால்

இடது இடுப்பு மடிப்பில் வலி: இருக்கை தாழ்ந்துவிட்டது. மெத்தை அமுங்கியிருக்கிறதா என்று இடுப்பெலும்பு அளவை மறுபடி எடுங்கள்.

வலது கெண்டையின் முன்பக்கம் வலி: வால்யூம் பெடல் மிக அருகில் இருக்கிறது, அல்லது இருக்கை தாழ்வு. முதலில் பெடலை இரண்டு விரல்கடை முன்னால் தள்ளிப் பாருங்கள்.

தொடையின் அடியில் மரத்துப்போதல்: முன்விளிம்பு. இன்னும் முன்னால் வந்து உட்காருங்கள், அது போதாவிட்டால் இருக்கையை மாற்ற வேண்டியதுதான். காலில் மரப்பு வாசித்து எழுந்த பிறகும் நீடித்தால் வாசிப்பதை நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள்.

கீழ்முதுகு வலி: பலகை பின்பக்கம் சரிந்திருக்கிறதா என்று ரசமட்டம் வையுங்கள். மட்டமாக இருந்தால் தூரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் கிட்டாரிலிருந்து தள்ளி உட்கார்ந்திருப்பீர்கள்.

ஒரே நேரத்தில் இரண்டை மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி இரண்டு நாள் வாசித்த பிறகு அடுத்தது. இரண்டையும் சேர்த்து மாற்றி வலி போனால், எது போக்கியது என்று தெரியாமல் அடுத்த முறை மறுபடி முதலிலிருந்து தேட வேண்டிவரும்.